காருக்குப் பிடித்த சனி

"காரின் உரிமையாளருக்கு எத்தனை வயது?" என்று இன்சூரன்ஸ் கம்பனிப் பெண் ஆங்கிலத்தில் கேட்டபோது, குணரத்தினம் கொஞ்சமும் தயங்காமல் உண்மையைச் சொன்னார்.

"பதினெட்டு."

"அவரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது?"

"லேர்னர்ஸ்."

மறுமுனையில் தட்டச்சு சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு அவள் ஒரு தொகையைச் சொன்னாள். குணரத்தினம் போனைக் காதிலிருந்து விலக்கி, சரியான இடத்துக்குத்தான் எடுத்திருக்கிறோமா என்று திரையைப் பார்த்தார்.

"அம்மா, நான் கேட்டது காருக்கு. வீட்டுக்கு அல்ல" என்றார் பணிவாக.

"காருக்குத்தான் சொன்னேன், சார்."

நன்றி சொல்லி வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார். போன மாதம்வரை அந்தக் கார் அவருடைய பெயரில்தான் இருந்தது. இப்போது அது மகள் கிருசாந்தியின் பெயரில் இருக்கிறது. அதற்குக் காரணம் சனி பகவான்.

எல்லர்ஸ்லியில் குளியலறைச் சாமான் விற்கும் கம்பனி ஒன்றில் குணரத்தினம் கையிருப்புக் கணக்குப் பார்க்கிறார். ஆயிரம் குழாய்களில் ஒன்று குறைந்தாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஒக்லாந்துக்கு வந்து கார் ஓட்டத் தொடங்கி இருபது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு சதம் கேட்டது கிடையாது. கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலைக்காரருக்கு இதைச் சொல்லாமல் அவர் பந்தியை விட்டு எழுந்ததும் கிடையாது.

அந்தப் பெயரைத்தான் இந்த வருடம் யாரோ உடைத்துவிட்டார்கள்.

வேலைநாட்களில் கார் ஹில்ஸ்பரோ வீட்டு வாசலில் சும்மா நிற்கும். அலுவலகத்தில் கார் விடுவதற்குக் காசு என்பதால், ஒனெஹங்கா வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று அவர் போய் வருவார். சனிக்கிழமை காலையில் வாளியும் பஞ்சுமாக வந்து காரைக் கழுவுவார். அப்படிக் கழுவும்போதுதான் தை மாதம் பின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுரண்டல் கண்டார். மாசியில் பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. சித்திரையில் முன்விளக்கின் மூலை உடைந்திருந்தது. கடை வாசலில் நின்ற காரில் எவனோ இடித்துவிட்டு ஓடியிருக்கிறான் என்று மூன்று தடவையும் கம்பனிக்கு எழுதினார். மூன்று தடவையும் அவர்கள் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். நான்காவதாக அவர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அடுத்த வருடக் கட்டணம் பற்றி.

அந்தக் கடிதத்தை அலுவலகச் சாப்பாட்டு அறையில் குமாரசாமியிடம் காட்டினார். குமாரசாமி கும்பகோணத்துக்காரர். சம்பளத்துக்குக் கம்ப்யூட்டர்களையும், ஆசைக்கு ஜாதகங்களையும் சரிபார்ப்பவர்.

"இந்தத் தேதியெல்லாம் பார்த்தா, மூணுமே சனிக்கிழமையா சார்?"

"ஓம். மூண்டையும் சனிக்கிழமைதான் கண்டனான்."

"உங்களுக்கு என்ன ராசி?"

"மீனம்."

குமாரசாமி பாதி தின்ற தயிர்சாதத்தை மூடி வைத்தார். "சார், உங்களுக்கு ஏழரைச் சனி. அதுலயும் இப்ப ஜென்மச் சனி. அவர் சனிக்கிழமை வராம வேற எப்ப வருவாரு? இருபது வருஷமா ஒண்ணும் ஆகல. இப்ப வரிசையா மூணு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

குணரத்தினத்துக்குத் திடுக்கென்றது. கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. எவனோ ஒரு குடிகாரன் இடித்தான் என்பதைவிட, ஒரு கிரகம் நேரம் தவறாமல் வந்து இடிக்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அவருக்கு ஒழுங்கு பிடிக்கும்.

"பரிகாரம் ஏதும் இருக்கோ?"

"எள் விளக்கு போடுங்க. அதைவிட முக்கியம், வண்டி உங்க பேர்ல இருக்கக் கூடாது. வீட்ல யாருக்கு ராசி நல்லா இருக்கு?"

"மகள் துலாம்."

"பிரமாதம். இன்னைக்கே மாத்துங்க."

இந்த நாட்டில் காரின் பெயர் மாற்றுவது போனிலேயே முடிகிற வேலை. குமாரசாமி தயிர்சாதத்தைத் திறந்து முடிப்பதற்குள் கார் கிருசாந்தியுடையதாகிவிட்டது.

இன்றைக்குத்தான் இன்சூரன்ஸுக்குச் சொல்ல நேரம் வந்தது. சொன்னதன் பலன்தான் இந்தச் சோபா.

"அப்பா, ஐ டோண்ட் ஈவன் டிரைவ்" என்றாள் கிருசாந்தி, யூனிவர்சிட்டிப் பையைத் தோளில் மாட்டியபடி. "என்னைக் கேக்காம ஏன் என்ர பேரில போட்டனீங்கள்?"

"உனக்குக் கிரகம் நல்லாயிருக்கு பிள்ளை."

"இன்சூரன்ஸ்காரருக்கு அது தெரியுமா?"

அவள் போய்விட்டாள். சமையலறையில் மனைவி செல்வநாயகி ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் ஒரு பெட்டி ரோல்ஸ் பக்கத்து வீட்டு ரஷ்மிக்குப் போகும். ரஷ்மி ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் நர்ஸ், கோயம்புத்தூர்ப் பிள்ளை, தனிய இருப்பவள்.

"இந்த வருஷம் முழுக்கச் சனிதான் நாயகி" என்றார் குணரத்தினம். "காரில ஏறி இருந்தாக்கூட ஸ்டியரிங் வயித்தில முட்டுது."

"அது சனி இல்லை, சோறு" என்றாள் செல்வநாயகி திரும்பிப் பாராமலே. "இண்டையிலயிருந்து இரவைக்குக் குரக்கன் புட்டு."

குணரத்தினம் எழுந்து வெளியே போனார். வாசலில் தபால்பெட்டி மறுபடி சாய்ந்து நின்றது. ஒக்லாந்துக் காற்று. அதன் காலடி மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு வந்தார். அதற்குள் அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

கார் மகளுடையதாகவே இருக்கட்டும். தான்தான் ஓட்டுவது என்று சொல்லிவிட்டால் என்ன? இந்தத் தடவை செல்வநாயகிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். அதே பெண்தான் எடுத்தாள். பெயர் கேட்டார். ஏதோ சொன்னாள், கொரகொரப்பில் சரியாகக் கேட்கவில்லை.

"சரி சார். பிரதான ஓட்டுநர் நீங்கள் என்றால், கடந்த சில வருடங்களில் உங்களுக்கு ஏதாவது விபத்தோ, இழப்பீட்டுக் கோரிக்கையோ உண்டா? எந்தக் கம்பனியாக இருந்தாலும் சொல்ல வேண்டும்."

குணரத்தினம் போனைக் கையால் மறைக்காமலே மனைவியிடம் திரும்பித் தமிழில் கேட்டார். "மூண்டையும் சொல்லுறதோ? ஒண்டைச் சொல்லிப்போட்டு விடுவமோ?"

செல்வநாயகி வாய் திறக்குமுன் போன் தமிழில் பதில் சொன்னது.

"மூண்டையும் சொல்லத்தான் வேணும் அங்கிள். மறைச்சீங்கள் எண்டால் நாளைக்கு ஏதும் நடந்தா ஒண்டும் தரமாட்டினம்."

குணரத்தினம் போனைத் தூக்கித் திரையை மறுபடி பார்த்தார்.

"பிள்ளை... தமிழோ?"

"ஓம் அங்கிள். வித்தியா. முதலே சொன்னனான்."

"எவடம்?"

"பிறந்தது இஞ்ச. அம்மா அப்பா கரவெட்டி. மூண்டு எண்டு போடுறன், சரியோ?"

அவள் போட்டாள். முதல் தொகை இப்போது ஒரு நல்ல தொகையாகத் தெரிந்தது. உரிமையாளர் புதுப்பழக்கம், ஓட்டுநர் இடிக்கிற பழக்கம் என்று கணக்கு இரண்டு பக்கமும் ஏறிவிட்டதாம். அதுவும் போக, ஏதாவது நடந்தால் முதலில் இவர் கையிலிருந்து போடவேண்டிய பங்கும், அதைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள், கூடிவிட்டதாம்.

"பிள்ளை, நான் ஒண்டும் இடிக்கேல்லை. நிண்ட காரில ஆரோ இடிச்சது."

"ஆர் எண்டு தெரியாட்டி அது உங்கட கணக்குத்தான் அங்கிள்."

குணரத்தினம் விடவில்லை. முதல்முறை ஓட்டுபவர்களுக்கு இன்சூரன்ஸ் செலவைக் குறைக்கும் வழிகள் என்று இணையத்தில் ஒரு பக்கத்தை முதல்நாள் இரவே ஊன்றிப் படித்து வைத்திருந்தார்.

"சரி, பனிக்கால டயர் போட்டால் கழிவு இருக்காமே?"

"என்ன டயர்?"

"பனி டயர். பனியில வழுக்காது. அதோட, பனி கொட்டுற நேரம் காரைக் கராஜுக்குள்ள விடுறம் எண்டு எழுதித் தந்தாலும் குறையுமாம்."

மறுமுனையில் சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"அங்கிள், நீங்கள் கனடாப் பக்கம் ஏதோ வாசிச்சிருக்கிறீங்கள். ஒக்லாந்தில பனி கொட்டட்டும், நானே உங்களுக்கு முழுக் கழிவும் வாங்கித் தாறன்."

போனை வைத்த பிறகு, இன்சூரன்ஸே இல்லாமல் ஓடினால் என்ன என்று குணரத்தினம் யோசித்தார். இந்த நாட்டில் அது கட்டாயம் இல்லை. செல்வநாயகி ஒரு வசனத்தில் அதை முடித்துவைத்தாள்.

"உங்களுக்குச் சனி நடக்குது எண்டுறியள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடி, ஒரு பென்ஸ் காரில கொண்டுபோய் முட்டினா வீட்டை வித்தோ குடுக்கிறது?"

அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் மதியம் மீண்டும் குமாரசாமியிடம் போனார்.

"பொண்ணு பேர்ல போட்டா பிரச்சினையா? சரி, வீட்டம்மா ஜாதகம் இருக்கா?"

"அவவின்ரயோ?" குணரத்தினம் சிரித்தார். "அவவுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் ஒரு தடவை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், முதியோர் இல்லத்து வேலைக்கு இரண்டு பஸ் மாறி மழையில் நனைந்து போகிறேன், எனக்கும் கார் பழக்குங்கோ என்று செல்வநாயகி கேட்டாள். லேர்னர்ஸ் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குணரத்தினம் பக்கத்தில் இருந்து பழக்கினார். முதலாவது வட்டச் சந்தியில் நாலு பக்கமும் கார் வர, அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையைக் கூப்பி "முருகா" என்றாள். அன்றோடு பாடம் முடிந்தது. "லைசென்ஸை அடையாள அட்டையா வைச்சிரும், அது போதும்" என்று சொல்லிவிட்டார். அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

குமாரசாமி போனில் ஜாதகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். புருவம் மேலே போனது.

"சார், ரிஷபம். நாலாம் இடத்தைப் பாருங்க. வாகன ஸ்தானம். இப்படி ஒரு வாகன யோகத்தை நான் பார்த்ததே இல்ல. சனியே பதினோராம் இடத்துல உக்காந்து இவங்களுக்கு அள்ளிக் குடுக்கறாரு."

"என்னட்ட எடுத்து அவவுக்குக் குடுக்கிறாரோ?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

அன்று மாலையே கார் செல்வநாயகியின் பெயருக்கு மாறியது. செய்தியைச் சொன்னபோது அவள் "சாத்திரம் சொன்னாச் சரிதானே" என்று மட்டும் சொன்னாள்.

வித்தியாவுக்கு மூன்றாவது தடவை போன் போனது.

"ஆன்ரியின்ர பேரில போடலாம் அங்கிள். ஆனா பிரதான ஓட்டுநரும் ஆன்ரி எண்டாத்தான் குறையும். அதுக்கு அவ அடுத்த லைசென்ஸ் எடுக்க வேணும். ரெஸ்ட்ரிக்டட். தனிய ஓடலாம்."

"அது நடக்கிற காரியம் இல்லை பிள்ளை. அவ ரோட்டில கும்பிடுற ஆள்."

"எடுத்துப் பாக்கலாமே?" என்றாள் செல்வநாயகி பின்னாலிருந்து. "ஒருக்கா டெஸ்டுக்குப் போய்ப் பாக்கிறன். பெயில் விட்டால் விட்டதுதானே."

டெஸ்டுக்கு இரண்டு வாரத்தில் நாள் கிடைத்தது. குணரத்தினம் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனார். அழுதால் தேற்ற ஆள் வேண்டுமே. பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துவைத்தார். தோல்விக்குப் பிறகு அவளிடம் சொல்ல வேண்டிய ஆறுதல் வார்த்தைகளை, தன் பழக்கப்படி, ஒன்று இரண்டு என்று வரிசைப்படுத்தி மனதில் வைத்துக்கொண்டார். இரண்டாவது ஆறுதலை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது கார் திரும்பி வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவில், பின்பக்கமாக, ஒரே எடுப்பில் அழகாக நின்றது. பரீட்சை அதிகாரி இறங்கிச் செல்வநாயகிக்குக் கை கொடுத்தார்.

"பாஸ்" என்றாள் அவள்.

"எப்படி?"

"வாகன யோகமாக்கும்."

குணரத்தினத்துக்கு மெய்சிலிர்த்தது. அன்றே குமாரசாமிக்குப் போன் பண்ணிச் சொன்னார். குமாரசாமி அதைக் கேட்டுத் தானே கொஞ்சம் பயந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் வித்தியாவைக் கூப்பிட்டார்கள். இப்போது அவள் குரலே மாறியிருந்தது. அவளுக்கும் இதைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம் வந்திருந்தது போலும்.

"ஆன்ரி பாஸா? சூப்பர். ஆன்ரிக்கு இதுவரைக்கும் ஒரு கோரிக்கையும் இல்லை. வயசும் நல்ல வயசு. புது லைசென்ஸ் எண்டபடியா எக்ஸஸ் கொஞ்சம் கூட. அது போகட்டும், ஒரு வருஷம் பத்திரமா ஓடினாக் குறையும். இப்ப வீட்டில வேற ஆர் ஓடுறது?"

"நான்" என்றார் குணரத்தினம்.

தட்டச்சு.

"அங்கிளைப் போட்டா மறுபடி மேல போகுது."

"எவ்வளவு மேல?"

சொன்னாள். செல்வநாயகி "ஆ" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் வித்தியா, டாக்டர் தயங்கிச் சொல்கிற குரலில். "அங்கிளை விலக்கிப் போடலாம். அதாவது, அங்கிள் இந்தக் காரை ஓடமாட்டார் எண்டு பதியிறது. அப்ப நீங்கள் முந்திக் கட்டினதைவிடவும் குறைவு. ஆனா அங்கிள் ஓடினா, அந்த நேரம் எது நடந்தாலும் ஒண்டும் தரமாட்டினம்."

இருபது வருடம். ஒரு கீறல் இல்லாத இருபது வருடம். குணரத்தினம் ஜன்னல் வழியாக, தான் கழுவித் துடைத்து வளர்த்த வெள்ளைக் காரைப் பார்த்தார். அது செல்வநாயகியின் காராக நின்றது.

"சனி போகுமட்டும் தானே அப்பா" என்று செல்வநாயகி மெல்லச் சொன்னாள். "இன்னும் ஒரு நாலைஞ்சு வருஷம். அதுக்குப் பிறகு நீங்கள் ஓடலாம்."

"என்ர சாமான், நான் தொடக் கூடாதாம்."

"தொடலாம். சனிக்கிழமையில நீங்கள்தானே கழுவுறது."

குணரத்தினம் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "போடு பிள்ளை" என்றார் போனுக்கு.

திங்கட்கிழமை காலை ராகுகாலம் கழிந்த பிறகுதான் கார் புறப்பட்டது. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தார். கிருசாந்தி இன்னும் எழும்பவில்லை. எலுமிச்சை மரத்தில் காய் தேடியபோது, தாழ்ந்த கொப்பு முறிந்துபோயிருந்ததால் நாற்காலி போட்டுத்தான் பறிக்க வேண்டியிருந்தது. மாசி மாதம் பொஸம் ஏறி முறித்தது அது. இந்த ஊர் மரநாய் மாதிரி ஒன்று, முறிக்காத கொப்பு இல்லை. நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சை வைத்தார். கற்பூரம் காட்டினார். விபூதியைப் பம்பரில் பூசினார். பிறகு வலதுபக்கக் கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில் ஒரு காலை உள்ளே வைத்தவர், மனைவி பார்ப்பதைக் கண்டு காலை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய் இடதுபக்கம் ஏறினார்.

செல்வநாயகி இருக்கையைத் தொடவேயில்லை. கண்ணாடியை ஒரு விரலால் தட்டிச் சரிசெய்தாள். எலுமிச்சம்பழம் நாலும் ஒரே சீராக நசுங்கின. கார் தபால்பெட்டிக்கும் வேலிக்கும் நடுவே வெண்ணெயில் கத்தி போவதுபோல் பின்னால் போனது. பக்கத்து வீட்டு வேலியில் ஒரு பலகை மட்டும் புதுசாக வெள்ளையாகத் தெரிந்தது. பழையது உக்கிப்போயிருக்கும் என்று குணரத்தினம் நினைத்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்திருந்த கதவுக் கைபிடியை விட்டார். உண்மையிலேயே நன்றாக ஓட்டுகிறாள். மனம் கொஞ்சம் இளகியது. நாலைந்து வருடம் இப்படி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போவதும் ஒரு சுகம்தான். விதியை யார் மாற்றுவது? கிரகத்தோடு வழக்காட முடியுமா?

"நாயகி, ஒண்டு சொல்லட்டே? சனி எனக்குக் கெட்டது செய்தாலும் உமக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்."

செல்வநாயகி ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் குப்பை லாரி குறுக்கே நின்று ஒவ்வொரு வீட்டுத் தொட்டியாகத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. அப்போது இரவு வேலை முடிந்து, நர்ஸ் உடுப்போடு ரஷ்மி தன் காரிலிருந்து இறங்கினாள். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடி வந்தாள். செல்வநாயகி அவசரமாகக் கியரை மாற்றினாள். குப்பை லாரி அசையவில்லை.

ரஷ்மி குணரத்தினத்தின் பக்க ஜன்னலில் குனிந்தாள். "அக்கா பாஸாம்ல! வாழ்த்துகள் அண்ணா. இப்பவாச்சும் உங்ககிட்ட சொன்னாங்களே!"

"ஓம், ஓம்" என்றார் குணரத்தினம் பெருமையோடு. "எல்லாம் யோகம்."

"யோகமா? ஒரு வருஷ உழைப்பு அண்ணா. அந்த லெட்டர்பாக்ஸ், எலுமிச்சை மரம், எங்க வீட்டு வேலி, இந்த மூணுக்கப்புறம் நாங்க எதுலயும் இடிக்கவே இல்லையே!"